குழாய்த் தண்ணீர்

திருவேற்காடு,
27 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

நான், இளங்கோ, பவ்யா மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். வெயில் ஒன்றுதான் நோய். உன் முழங்கால் எப்படி? தைலம் தேய்க்கிறாயா, இல்லை பாட்டிலை அழகு பார்த்துக்கொண்டிருக்கிறாயா?

சால்வை வந்தது! லீவுக்கு வேலப்பன்சாவடி அம்மா வீட்டுக்கு வந்திருக்கும் உங்கள் ஜோதிகா டீச்சரிடம் நானே ஆட்டோ பிடித்துப் போய் வாங்கி வந்தேன். உள்ளே இருப்பது பழைய புடவை என்றே அவர் நினைத்திருக்கிறார். எனக்கு வீடு வரைக்கும் பொறுக்கவில்லை, சிக்னலில் ஆட்டோவிலேயே பிரித்துவிட்டேன். அடியம்மா! நூற்றுப் பதினான்கு வருஷத்துக்கு முன்னால் உங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்கள் பின்னிய குழந்தைச் சால்வை. நடுவில் துளைத்துளையாக வலை, சுற்றிலும் இலை இலையாகக் கரை. தூக்கிப் பிடித்தால் ஆட்டோக்காரர் முகம் அதன் வழியே தெரிகிறது. "இன்னாக்கா இது, கொசு வலையா?" என்றார். விடு, அவருக்கு என்ன தெரியும்.

அதைக் கண்ணி கண்ணியாக எண்ணி, அதே மெல்லிய இரும்பு ஊசியில், அதே வெள்ளைக் கம்பளி நூலில் இன்னொன்று பின்னப் போகிறேன். அந்தக் கை எப்படிப் போனதோ அப்படியே என் கையும் போக வேண்டும். சிரிக்காதே. போன வருஷத்துக் காலுறை கதை இதில் நடக்காது. பழைய புத்தகத்தில் ஊசி நம்பர் கூடினால் ஊசி மெலியும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்த ஒரே உறைக்குள் இளங்கோ இரண்டு காலையும் விட்டு நடந்து காட்டினாரே!

ஒரு சிக்கல். சால்வை பழுப்பேறி, கரையின் மூலைகளில் கண்ணி சரியாகத் தெரியவில்லை. கழுவலாமா? எப்படி என்று உடனே எழுது. உடனே என்றால் உடனே.

உன் கனி


கோத்தகிரி,
5 மே 2025

அன்புத் தங்கை கனிக்கு,

மங்களம் எழுதுகிறேன். இங்கே மழை, முழங்கால் மழைக்குத் தகுந்தபடி. உன் பெண் பவ்யாவிடம் தேன்மிட்டாய் தின்றது போதும் என்று சொல்.

போனில் கூப்பிடாதே. போன் வார்டன் அறையில் இருக்கிறது, நான் பேசினால் பத்துப் பேர் கேட்பார்கள். படமும் எடுக்காதே. உன் பின்னல் குழுவில் போட்டுவிடுவாய், அது சுற்றி எங்கள் எச்.எம். அம்மா கைக்கே வந்து சேரும். அவரிடம் கேட்காமல்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன் என்பது ஞாபகம் இருக்கட்டும். கைவேலை அலமாரிச் சாவி இருபத்தேழு வருஷமாக என் இடுப்பில் இருக்கிறது. சால்வைக்கு ஒன்று ஆனால் சாவி போகும், வேலை போகும், இந்த ஹாஸ்டல் அறையும் போகும். உன் ஆசைக்காகக் கொடுத்தேன். பள்ளி திறந்த பத்து நாளில் அது அலமாரியில் இருக்க வேண்டும்.

கழுவலாம். பூந்திக்கொட்டை நுரையில் கொஞ்ச நேரம் ஊறவை. வெந்நீர் பக்கமே போகாதே, கம்பளி சுருங்கிவிடும். வெறும் குழாய்த் தண்ணீர் போதும். கசக்காமல் குழாயைத் திறந்து அதன் கீழேயே விட்டுவிடு, அழுக்கைத் தண்ணீரே எடுத்துக்கொண்டு போய்விடும். நான் முன்பு அப்படித்தான் அலசினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நிதானமாகச் செய். உன் அவசரம் எனக்குத் தெரியும்.

அக்கா மங்களம்


திருவேற்காடு,
16 மே 2025, வெள்ளி

அக்கா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீ நன்றாக இரு.

சால்வை போய்விட்டது. என் கையாலேயே போய்விட்டது.

இன்று வீட்டிலிருந்தே வேலை. ஞாயிறு வரைக்கும் ஏன் காத்திருக்க வேண்டும் என்று காலையில் நுரையில் ஊறப்போட்டேன். மத்தியானம் ஒரு மணிக்குப் பக்கெட்டைக் குழாயின் கீழே வைத்துத் திறந்தேன், அந்த நேரம் பார்த்து ஆபீஸ் மீட்டிங் அழைப்பு. விரலைக்கூட வைத்துப் பார்க்கவில்லை அக்கா. ஓடிவிட்டேன். பத்து நிமிஷம் என்றது நாற்பது நிமிஷம் இழுத்தது. கீழ்வீட்டு முனியம்மா கதவை இடித்தபோதுதான் ஞாபகமே வந்தது. "இன்னாக்கா, டாங்கு தண்ணி மொத்தமும் உன் ஊட்டுலயே ஓடுது! நாங்கல்லாம் இன்னாத்த குடிக்கறது?" என்று கத்திக்கினு நிற்கிறாள்.

மே மாதம், மொட்டை மாடி டாங்க், மத்தியானம். எங்கள் குழாயில் வருவது வெந்நீர் என்று எனக்குத் தெரியாதா? தினமும் அதில் கை சுட்டுக்கொள்பவள்தானே நான்? நீ குழாய்த் தண்ணீர் என்று எழுதியிருந்தாய், நானும் குழாய்த் தண்ணீர் என்று திறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

இரண்டு முழச் சால்வை ஒரு முழமாகிவிட்டது. துளைகள் மூடிக்கொண்டன. இலை எது, வலை எது என்று ஒன்றும் தெரியவில்லை, கம்பளத் துண்டு மாதிரி கெட்டியாகக் கிடக்கிறது. ஊசி முனைகூட உள்ளே போகவில்லை. சாயங்காலம் இளங்கோ எடுத்துப் பார்த்து, "இன்னாடி இது, நாய்க்குட்டிக்குப் போர்வையா?" என்று சிரித்தார். நான் அழுததைப் பார்த்து அவர் பயந்தே போய்விட்டார்.

நான் பாவி அக்கா. உன் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேன். வந்து உன் எச்.எம். காலில் விழட்டுமா? சொல், விழுகிறேன்.

கனி

பி.கு. திங்கட்கிழமை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. இரண்டு தடவை தபால்பெட்டி வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.


திருவேற்காடு,
19 மே 2025

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம். நீ சொன்ன மாதிரியே கழுவினேன். நன்றாக வெளுத்துவிட்டது. எண்ணுவதற்குத்தான் நேரம் பிடிக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்கிறேனே? வெள்ளை நூல் எட்டு உருண்டை வாங்கி அனுப்பு, இங்கே கிடைப்பதெல்லாம் பிளாஸ்டிக் மாதிரி வழுக்குகிறது.

கனி


கோத்தகிரி,
11 ஜூன் 2025

அன்பு கனிக்கு,

உன் கடிதம் நாலு வரி. நீ நாலு வரி எழுதி நான் பார்த்ததே இல்லை. உடம்பு சரியில்லையா? இளங்கோவோடு சண்டையா? அவருக்கு என் விசாரிப்பைச் சொல்.

நூல் அனுப்பியிருக்கிறேன். பள்ளி திறந்துவிட்டது. அலமாரியில் சால்வை இருந்த இடத்தில் ஒரு மேஜை விரிப்பை மடித்து வைத்திருக்கிறேன். யாராவது அந்தப் பக்கம் போனாலே நானும் கூடவே போய் நிற்கிறேன். டிசம்பரில் பழைய பொருட்களையெல்லாம் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கண்காட்சி என்று எச்.எம். அம்மா அறிவித்துவிட்டார். முதல் பெட்டியில் சால்வையாம். ஜூலை முடிவதற்குள் அனுப்பிவிடு, தாயே.

மங்களம்


திருவேற்காடு,
2 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. சண்டையும் இல்லை. தைலம் வேறு பெயரில் ஒன்று வந்திருக்கிறது, அனுப்புகிறேன்.

நூல் வந்தது. நடு வலை முடிந்துவிட்டது, கரையிலும் நேர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதையெல்லாம் ஏப்ரலிலேயே எண்ணிக் குறித்துவிட்டேன். நாலு மூலைகள்தான் பாக்கி. மூலையில் இலை எப்படித் திரும்புகிறது? எத்தனை துளை? நீ அதைப் பல தடவை கையில் எடுத்தவள்தானே, ஏதாவது நினைவிருக்கிறதா? சும்மா சரிபார்க்கத்தான் கேட்கிறேன். பழைய போட்டோ எதிலாவது சால்வை விழுந்திருக்கிறதா என்றும் பார். படம் எடுக்காதே என்றாய், நானும் எடுக்கவில்லை. வாழ்நாளில் உன் பேச்சை ஒரு தடவை கேட்டேன், அதுவும் போயும் போயும் இதில்!

எனக்கு ராத்தூக்கம் சரியில்லை, வெயில்தான் காரணம். மடியில் கம்பளியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முனியம்மா, "இந்த புழுக்கத்துல கம்பளி பின்னிகினு கீறியே, உனக்கு இன்னா வேண்டுதலா?" என்று கேட்கிறாள். ஆமாம், வேண்டுதல்தான் என்றேன்.

ஜூலைக்குள் முடியாது போலிருக்கிறது. கோபப்படாதே.

கனி


கோத்தகிரி,
9 ஆகஸ்ட் 2025

அன்பு கனிக்கு,

தைலம் நன்றாக இருக்கிறது, வாசனைதான் சகிக்கவில்லை. பதில் தாமதம். வேலை கொஞ்சம் மாறியிருக்கிறது, சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போட்டோ எதுவும் இல்லை. ஆனால் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் பூச்சி அரித்த ஒரு மூலையை நான்தான் சரிசெய்தேன். கை மறக்கவில்லை. பிள்ளைகளின் கணக்கு நோட்டிலிருந்து கட்டம் போட்ட தாள் வாங்கி மூலையை வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். கறுத்த கட்டம் துளை, வெள்ளைக் கட்டம் கண்ணி. மூன்று நாள் ஆனது வரைய, பார்த்துப் பின்னு.

ஒன்று கவனி. மூன்று மூலைகளில் நடு இலை வலது பக்கம் சாயும். நாலாவதில் மட்டும் இடது பக்கம். பின்னிய பெண் தூங்கி விழுந்திருப்பாள். பிரித்துச் சரிசெய்யாமல் அப்படியே முடித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ராத்திரி தூங்கு. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. உனக்கு என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் எழுது.

மங்களம்


திருவேற்காடு,
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

இங்கே நலம். வேலை ஏன் மாறியது? முழங்காலோடு சாப்பாட்டுக்கூடத்தில் நிற்கவைக்கிறார்களா? யார் அவர்கள்?

உன் படம் பொக்கிஷம். இரண்டு மூலை முடிந்தது. மூன்றாவதை மூன்று தடவை பிரித்துவிட்டேன். எங்கே போனாலும் பின்னல்தான். பூந்தமல்லி போகும் ஷேர் வேனில் பின்னுகிறேன், மெட்ரோ வேலைக்கு ரோட்டை அடைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. நேற்று வேன் பள்ளத்தில் இறங்கி ஆறு கண்ணி நழுவியது, நான் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக் அடித்துவிட்டார். "அடிபட்டுச்சாக்கா?" என்று ஓடி வந்தார். எதிர் சீட்டுக் கிழவர், "அதுக்கு ஒண்ணியும் ஆவல, நூலுக்குத்தான் அடி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. பவ்யா என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள், கேட்டால் "நீதான் எண்ணிக்கினே கீறியே" என்கிறாள். சீக்கிரம் முடித்துவிடுவேன். முடித்தால் எல்லாம் சரியாகிவிடும்.

கனி


கோத்தகிரி,
23 அக்டோபர் 2025

அன்பு கனிக்கு,

தீபாவளி நல்லபடியாகப் போயிருக்கும். இங்கே ஹாஸ்டலில் லட்டு, கல் மாதிரி.

கண்காட்சி டிசம்பர் பன்னிரண்டு. நீ பின்னுவதை எச்.எம். அம்மா பார்க்க வேண்டும் என்கிறார். நவம்பருக்குள் அனுப்பு.

எதுவாக இருந்தாலும் எனக்கு எழுது. கோபப்பட மாட்டேன் என்று சொல்லவில்லை. கோபப்பட்டுவிட்டு, பிறகு விட்டுவிடுவேன்.

மங்களம்


திருவேற்காடு,
20 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

நீ சுகமாக இருக்க வேண்டும். இந்தப் பார்சலில் உன் சால்வையைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பிரித்துப் பார்த்ததும் அலமாரியில் வைத்துவிடு. நாலாவது மூலையைப் பார், அதே இடது பக்க இலை. கழுவியதால் நிறம் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கும். என் நகல் சரியாக வரவில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன். அது போகட்டும், உன்னுடையது வந்து சேர்ந்ததே போதும்.

இத்தனை நாள் வைத்திருந்ததற்கு மன்னித்துக்கொள்.

கனி


திருவேற்காடு,
21 நவம்பர் 2025
(விரைவு அஞ்சல்)

அக்கா,

நேற்று சாதாரணத் தபாலில் ஒரு பார்சல் போட்டேன். அதில் ஒரு கடிதம் இருக்கிறது. அதை நம்பாதே. அதில் இருப்பது உன் சால்வை இல்லை. ஆறு மாதமாக நான் பின்னியது. டீ டிகாக்‌ஷனில் முக்கி லேசாகப் பழுப்பாக்கி, கேன் தண்ணீரை ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவிட்டு அலசினேன். அந்த அறிவு மே மாதம் எங்கே போயிருந்தது?

உன் சால்வை இதோ, இந்த உறையில் இருக்கிறது. உறைக்குள் அடங்குகிறதே என்று பார்க்கிறாயா? பீரோவில் கிடந்த என் மே மாதக் கடிதத்தையும் வைத்திருக்கிறேன். அதில் எல்லாம் இருக்கிறது. தேதியைப் பார்த்துத் திட்டு.

ஏமாற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். நீயே கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு வந்திருந்தது. அந்த நாலாவது மூலைதான் கெடுத்தது. இடது பக்கம் சாய்ந்த இலையை நான் நாலு ராத்திரி கவனமாகப் பின்னினேன். அந்தப் பெண் தப்புச் செய்தாள், எல்லோரும் பார்க்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டுப் போனாள். நான் அவள் தப்பைக் காப்பியடித்து என் தப்பை மூடியிருக்கிறேன். பார்சலைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன், சோறு இறங்கவில்லை. விடிந்ததும் தபாலாபீசுக்கு ஓடினேன். பை கிளம்பிப் போய்விட்டதாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் மே மாதக் கடிதத்தை ஐம்பது தடவை படித்திருப்பேன். குழாய்த் தண்ணீர் என்று நீதானே எழுதினாய், பழியை உன் மேல் போட்டுவிடலாமா என்று. அந்த அளவுக்குப் போனேன் அக்கா.

உன் எச்.எம்.மிடம் என் பெயரைச் சொல். நான் வந்து நிற்கிறேன்.

கனி


கோத்தகிரி,
2 டிசம்பர் 2025

அன்பு கனிக்கு,

முழங்கால் இருக்கிறது, நானும் இருக்கிறேன். நீ முதலில் சாப்பிடு.

விரைவு அஞ்சல் செவ்வாய்க்கிழமை வந்தது, பார்சல் சனிக்கிழமைதான் வந்தது. பார்சலைத் திறந்ததும் சால்வையின் மேலேயே உன் கடித உறை இருந்தது. அந்த உறையை மட்டும் நான் பிரிக்கவில்லை. அப்படியே கொண்டுபோய் ஹாஸ்டல் வெந்நீர் அடுப்பில் போட்டேன். வெந்நீருக்கு அதாவது உதவட்டும்.

உன் ஜூலைக் கடிதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அசடே. சால்வையை மடியில் வைத்திருப்பவள் மூலையில் எத்தனை துளை என்று என்னிடம் ஏன் கேட்கிறாள்? அன்று சாயங்காலமே எச்.எம். அம்மாவிடம் போனேன். கேட்காமல் வெளியே கொடுத்தேன், அது இப்போது இல்லை, அதைப் பார்த்து இன்னொன்று பின்னுகிறார்கள் என்று சொன்னேன். யாரிடம் கொடுத்தீர்கள் என்றார், சொல்லவில்லை. சாவியை அப்போதே மேஜை மேல் வைக்கச் சொன்னார். இப்போது அது அருள்மொழி என்ற சின்னப் பெண்ணிடம் இருக்கிறது. எனக்குச் சாப்பாட்டுக்கூடம். அறை மட்டும் தப்பியது. உனக்கு எழுதாததற்குக் காரணம், நீயாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். ஒவ்வொரு கடிதத்தையும் பிரிக்கும்போது இதில் சொல்லியிருப்பாள், இதில் சொல்லியிருப்பாள் என்று பார்ப்பேன். அக்டோபரில் மனம் விட்டுப்போனது. உன்மேல் கோபம் நிறைய இருந்தது. இப்போதும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, நேரில் வைத்துக்கொள்கிறேன்.

நீ பின்னிய சால்வையை எச்.எம். அம்மா மேஜையில் விரித்தேன். நாலு மூலையையும் தடவிப் பார்த்தார். பிறகு, "இதை யார் பின்னியது என்று இப்போதாவது சொல்லுங்கள், அட்டையில் எழுத வேண்டும்" என்றார். சொன்னேன். கண்ணாடிப் பெட்டியில் அட்டை வைத்தாகிவிட்டது: பழைய சால்வை கெட்டுவிட்டது, அதைப் பார்த்து இந்த ஆண்டு பின்னியவர் கனிமொழி, திருவேற்காடு. சாவி திரும்பவில்லை. இனி வராது என்றே நினைக்கிறேன்.

சுருங்கியதைப் பெட்டியில் வைக்கக் கேட்டார், நான் கொடுக்கவில்லை. முழங்காலைச் சுற்றிக் கட்டினால் சரியாக இருக்கிறது. தைலத்தைவிட நன்றாகக் கேட்கிறது.

உன் மே மாதக் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் அழுதேன். சால்வைக்காக இல்லை. நீ பழியை என்மேல் போட நினைத்தாயே, அதில் தப்பே இல்லை. குழாய்த் தண்ணீர் என்று எழுதியது என் கைதான். எழுதும்போது என் மனதில் இந்த ஊர்க் குழாய்தான் இருந்தது, கை வைத்தால் விறைத்துப்போகும். நான் உன் வீட்டுப் பக்கத்து நசரத்பேட்டையில் பிறந்தவள். பதினெட்டு மே மாதம் அந்த ஊர்க் குழாயில் சுட்டுக்கொண்டு, "ஐயோ, சுடுதும்மா" என்று கத்தியவள். அதை எப்படியடி மறந்துபோனேன்?

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மே மாதம் வருகிறேன். முனியம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவை, மத்தியானம் ஒரு மணிக்கு உன் வீட்டுக் குழாய் கொஞ்ச நேரம் ஓடும்.

அக்கா மங்களம்